தப்பு காய்ச்சிய இடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைக் ‘குளவி ராணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் ஜீவராணி. அந்தப் பட்டத்தை வைத்தது வெளியாள் இல்லை, என் வீட்டுக்காரர் சுதாகரன்தான். வைத்தவர் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். கோயில், கடை, கொழுந்து அரைக்கிற ஸ்டோர் என்று ஓரிடம் விடாமல் பரப்பிவிட்டார்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் அஞ்சாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்தது. எனக்கு நாற்பத்தொரு கொட்டு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் அம்மா எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்துச் சொன்னார். “அடுத்த தடவை நாற்பது தேவையில்லை, நாலு போதும். தொண்டை அடைத்துவிடும். இங்கே கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்காது.” சுதாகரன் பெரிதாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகு நான் மலைக்குப் போகவில்லை. பிள்ளைக் காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

உயிர் பிழைத்தேன், பயம் மட்டும் போகவில்லை. ஈ பறந்தால் உடம்பு நடுங்கும். பாலுக்குச் சுற்றுகிற வண்டைக் கண்டால் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். போன வருசம் கோயில் திருவிழாவில் சாமி வெளியே வருகிற நேரம், பக்கத்து டிவிசனில் யாரோ புல் வெட்டும் மெஷினை இழுத்தார்கள். அந்த இரைச்சல் காதில் விழுந்ததும் “குளவி!” என்று கத்திவிட்டேன். முந்நூறு பேர் ஓடினார்கள். தோட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் கானில், அந்த ஆழ வாய்க்காலில்தான் விழ வேண்டும். ஜெயம்மா அக்கா விழுந்து கையை முறித்துக்கொண்டார். குளவி ஒன்றுகூட வரவில்லை. பட்டம் மட்டும் வந்தது.

அதனால்தான் கலைவிழாவில் அறிவிப்புச் செய்ய என்னைக் கேட்டபோது நானே நம்பவில்லை. ஓப்பநாயக்கப் பக்கத்து ஊர்களும் தோட்டங்களும் சேர்ந்து எங்கள் ஸ்டோருக்குக் கீழே உள்ள மைதானத்தில் நடத்துகிற விழா. தமிழும் சிங்களமும் தடுமாறாமல் பேசுகிற ஆள் வேண்டுமென்று தேடி, கடைசியில் என்னிடம் வந்தார்கள். வந்தவர் முக்தார் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். டவுனில் சவுண்ட் செட் கடை வைத்திருப்பவர், விழாக் குழுவில் முக்கியமான ஆள்.

“ஒரே ஒரு கண்டிசன், ஜீவராணி,” என்றார். “அந்தச் சொல்லு மைக்குல வரக்கூடாது. ஆயிரம் பேர் வாற இடம். திரும்பியும் ஓடினாங்கன்னா கை முறியிறதோட நிக்காது.”

“வராது நானா,” என்றேன். தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தேன்.

சுதாகரனுக்கு அன்று என்னைவிடப் பெரிய நாள். அவர் நாகலிங்கம் அண்ணனின் தப்பு மேள செட்டில் இருக்கிறார். ஆறு பேர். இந்த விழாவில் அவர்களை வாசலில் நின்று பெரியவர்களுக்கு வரவேற்பு அடிக்கத்தான் எப்போதும் கூப்பிடுவார்கள். அடித்து முடித்ததும் ஒரு பிளேன்டீ. மேடையில் மற்றவர்கள் வாசிப்பார்கள், இவர்கள் மைதான ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். இந்த வருசம்தான் முதல் தடவையாக மேடை, அதுவும் கடைசி நிகழ்ச்சி. இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாகப் பழகினார்கள். எங்கள் லயத்து வீடுகளில் ஒருத்தரும் ஒழுங்காகத் தூங்கவில்லை, ஒருத்தரும் திட்டவும் இல்லை.

காலையில் போனதும் நான் முதலில் செய்த வேலை மரங்களைப் பார்த்ததுதான். மேடைக்குப் பின்னால் ஒரு வாகை மரம் நின்றது. முன்னாலிருந்து நன்றாக அண்ணாந்து பார்த்தேன். இலையும் கிளையும்தான் தெரிந்தன. மனதைத் தேற்றிக்கொண்டு மைக்கை எடுத்தேன்.

முதலில் பன்சலை என்கிற புத்த கோயிலிலிருந்து ஹேவிசி மேளக்காரர்கள். வெள்ளை வேட்டி, தலைப்பாகை, நெஞ்சில் சிவப்புப் பட்டி. அவர்கள் அடித்து முடித்து இறங்கும்போது பக்கத்துப் படியில் நின்று வழிவிட்டேன். அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து மரத்தைப் பார்த்தேன். தடித்த கிளைக்கு அடியில், முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியாத இடத்தில், சுளகு அளவில் கறுப்பாக ஒன்று தொங்கியது.

படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கத்து, கத்து என்று உள்ளுக்குள் ஒன்று முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டேன். கத்தினால் ஆயிரம் பேர் ஓடுவார்கள். மைதானத்துக்கு ஒரு பக்கம் ஸ்டோர் சுவர், மறுபக்கம் ஆள் உயரக் கான். ஜெயம்மா அக்கா அதே கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

குளவிக்கூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விசயம் உண்டு. அதற்குக் கோபம் வந்தால் மேலே ஓர் அலை ஓடும். கூட்டை மூடிக்கொண்டிருக்கிற அத்தனை குளவியும் ஒன்றன்பின் ஒன்றாக வாலைத் தூக்கி இறக்கும். கிட்டே வராதே என்று அது சொல்கிற விதம். அன்று மலையில் அந்த அலையைப் பார்த்தேன், அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டடி போனேன். இப்போது கூடு அசையாமல் இருந்தது. அதுவரை நல்லது.

அடுத்தது பப்பரே பேண்ட். டவுன் இளைஞர்கள் டிரம்பெட்டும் பெரிய டிரம்மும் கொண்டு வந்து மைதானத்தையே ஆட வைத்தார்கள். எல்லாரும் ஆடினார்கள், நான் மட்டும் படியில் நின்று கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலை இல்லை. அதன் பிறகு உம்மு குல்தூமின் றபான் குழு. எட்டுப் பெண்கள் பெரிய றபான் மேளத்தைச் சுற்றி உட்கார்ந்து தட்டினார்கள். அவர்களை அறிவிக்கும்போது எனக்குச் சிங்களமும் தமிழும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. சனம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கும் அலை இல்லை.

பிறகு எஹலியகொடயிலிருந்து வந்த கிட்டார் பேண்ட். ஐந்து பேர், கறுப்புச் சட்டை. பாடுகிறவன் பெயர் ஹஸீப். அவர்களுக்கென்று ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வாகை மரத்து அடியோடு சாத்தி வைத்தார்கள். முதல் பாட்டு தொடங்கியதும் என் பல்லே அதிர்ந்தது. மேலே பார்த்தேன். கூட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மினுக்கென்று ஓர் அலை ஓடியது.

இறங்கி ஓடிப்போய் முக்தார் நானாவின் கையைப் பிடித்தேன். ஆம்பிளைக் கையைப் பிடிக்கிறோம் என்ற வெட்கம்கூட வரவில்லை.

“நானா, மரத்துல கூடு இருக்கு. பெரிய கூடு. அந்தப் பெட்டிய எடுக்கச் சொல்லுங்க.”

அவர் நின்ற இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு ஒண்டும் தெரியல்லயே.”

“இந்தப் பக்கம் வந்து பாருங்க.”

“ஜீவராணி,” என்று பெருமூச்சு விட்டார். நல்ல மனுசர், சத்தம் போடவில்லை. “மரம் எண்டா கூடும் இரிக்கும். நாங்க கரச்சல் குடுக்காட்டி அதுவும் கரச்சல் குடுக்காது. போய்த் தண்ணி குடிங்க.” ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆள் விட்டுப் பெட்டியை நாலடி தள்ளி வைக்கச் சொன்னார். அலை நின்றது. கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போதுதான் தூறல் விழத் தொடங்கியது. இந்தப் பக்கம் மூன்று மணி ஆனால் வானத்துக்குப் பொறுக்காது. சனம் குடையை விரித்துக்கொண்டு நின்றது, ஒருவரும் போகவில்லை. நான் தப்பு செட்டைத் தேடினேன். காலையிலிருந்து அவர்கள் ஸ்டோர் சுவரோரமாக, மரத்துக்குத் தூரத்தில்தான் இருந்தார்கள். இப்போது அந்த இடம் காலியாகக் கிடந்தது.

தப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது தோல். ஈரக்காற்றுப் பட்டாலே தொய்ந்துவிடும். அடிக்கிறதுக்கு முன்னால் நெருப்பு மூட்டி, தோலை அனலில் காட்டிக் காய்ச்ச வேண்டும். காய்ந்து இறுகினால்தான் கணீரென்று பேசும். அதற்காகவே எங்கள் ஆட்கள் ஒரு சாக்கு நிறைய காய்ந்த மானாப்புல் கொண்டு வந்திருந்தார்கள். தூறல் வந்ததும் நனையாத இடம் தேடியிருக்கிறார்கள். மைதானத்தில் நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான்.

மேடைப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். வாகை மரத்தடியில், கூட்டுக்கு நேர் கீழே, ஆறு பேரும் குந்தியிருந்தார்கள். நாகலிங்கம் அண்ணன் மானாப்புல்லைப் பிரித்து அடுக்க, என் வீட்டுக்காரர் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். மெல்லிசாகப் புகை கிளம்பி நேராக மேலே போனது.

மேலே பார்த்தேன். அலை ஒன்றின்பின் ஒன்றாக ஓடியது, நிற்கவே இல்லை.

மைக் என் கையில் இருந்தது. ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் ஆயிரம் பேர் கானுக்குப் போவார்கள். ஓடுகிறவர்களைத்தான் குளவி முதலில் துரத்தும். எங்கள் மலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: ஓடக் கூடாது, கத்தக் கூடாது, இருந்த இடத்தில் குந்தி இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். டவுன் ஆட்களுக்கு அது எப்படித் தெரியும்?

கிட்டார் பேண்ட் கடைசிப் பாட்டை முடித்தது. நான் ஹஸீபிடம் போய், “இன்னும் ரெண்டு பாட்டுப் பாடுங்க தம்பி, சனம் கேக்குது,” என்றேன். எந்த பேண்ட் மாட்டேன் என்று சொல்லும்? சனத்தின் கண் மேடையில் இருக்கட்டும் என்று மைக்கை வைத்துவிட்டுப் படியில் இறங்கினேன். மூன்று படி. மூன்றையும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன்.

மரத்துக்குப் பத்தடி தள்ளி நின்று கூப்பிட்டேன். “இங்க வாங்களேன்.”

சுதாகரன் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது, முகமெல்லாம் சந்தோசம். “அடுத்தது நாங்கதானே? அஞ்சு நிமிசம் குடு, தோல் ஊறிப்போச்சு.”

“மேல கூடு இருக்கு. நெருப்ப அணைங்க.”

ஆறு பேரும் சிரித்தார்கள். “வந்துட்டாங்கடா குளவி ராணி,” என்றார் என் புருசன்.

நாகலிங்கம் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார், “கோவிச்சுக்காத தாயி. இப்ப அணைச்சோம்னா தப்பு துணி மாதிரிதான் கேக்கும். இத்தன வருசம் கழிச்சு மேடை குடுத்திருக்காங்க. அந்தச் சத்தத்தக் கேட்டாங்கன்னா திரும்பி வாசலுக்குத்தான் அனுப்புவாங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. பயத்தோடு கோபமும் வந்தது. ஒரு வருசமாகச் சேர்த்து வைத்த கோபம். என்ன சொல்லியும் இவர் மேலே பார்க்கப் போவதில்லை. நான் பேசினால் சிரிப்பார், அழுதால் இன்னும் சிரிப்பார்.

நடந்து போனேன். பத்தடியையும் நடந்து, நெருப்புக்குப் பக்கத்தில், கூட்டுக்கு நேர் கீழே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேலே கொதிக்கிற சட்டி மாதிரி ஓர் இரைச்சல் கேட்டது. ஒன்றுக்கு வந்துவிடும் போலிருந்தது. அவ்வளவு பயம். அந்த டாக்டர் அம்மா சொன்ன நாலு என்ற கணக்கைத் தவிர மனதில் எதுவுமே இல்லை.

“ஊதுங்க,” என்றேன். “நல்லா எரியட்டும். நான் இங்கயேதான் இருப்பேன்.”

சுதாகரன் சிரித்தபடி என்னைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்தச் சிரிப்பு குறைந்தது. ஈயைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிகிறவள் இப்படி வந்து உட்கார மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஒரு வருசத்தில் முதல் தடவையாக, நான் சொன்ன இடத்தை அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

முகத்தில் இரத்தம் இல்லை. “அண்ணே,” என்றார் மிக மெதுவாக. “அசையாதீங்க. நெருப்பு மேல மண்ணப் போட்டு மூடுங்க.”

நாகலிங்கம் அண்ணனும் பார்த்துவிட்டார். இரண்டு கையாலும் சத்தமில்லாமல் மண்ணை வாரினார். இன்னும் அரை நிமிசம் கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அறிவிப்பாளரைக் காணோம் என்று முக்தார் நானா தேடி வந்துவிட்டார். வந்தவர் எங்கள் முகத்தையும் நெருப்பையும் மரத்தையும் பார்த்தார். பதறிப்போய், பிளேன்டீக் கோப்பை கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கி, தண்ணீர் முழுவதையும் நெருப்பில் கொட்டினார்.

எரிகிற மானாப்புல்லில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். அவர் டவுன்காரர், பாவம். புஸ்ஸென்று வெள்ளைப் புகை வீட்டளவு எழும்பி அப்படியே கிளைக்குப் போனது.

இரைச்சல் ஒரு நொடி நின்றது. பிறகு கூட்டை மூடியிருந்த குளவியெல்லாம் உதிர்ந்து கிளம்பின.

சுதாகரன் என்னைத் தள்ளிச் சாய்த்தது தெரியும். தப்புகளை நனையாமல் மூடிக்கொண்டு வந்த நீலத் தரப்பாளைக் கழுத்துவரை என் மேல் போட்டார். முகத்துக்கு மட்டும் மூச்சு விட இடம் வேண்டுமே. கையில் இருந்த தப்பை என் முகத்தின் மேல் கவிழ்த்தார். “கைய உள்ள இழு, கால மடக்கு,” என்றார். காற்று தரப்பாளைத் தூக்கப் பார்த்தது. அவர் அதன் ஓரங்களின் மேல் கையையும் முழங்காலையும் ஊன்றி அழுத்திக்கொண்டு என் மேல் கவிழ்ந்து நின்றார். மற்றவர்கள் முக்தார் நானாவையும் இழுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். “சுதா, வாடா!” என்று நாகலிங்கம் அண்ணன் அலறியது கேட்டது. இவர் போகவில்லை. போனால் தரப்பாள் பறந்துவிடும்.

உள்ளே இருட்டு. தோலில் அனல் சூடும் மானாப்புல் வாசனையும் இருந்தன. பிறகு தப்பு அடிக்கத் தொடங்கியது. டப். டப், டப். என் மூக்குக்கு ஒரு சாண் மேலே குளவிகள் வந்து தோலில் மோதுகிற சத்தம். தகரக் கூரையில் முதல் தூறல் விழுவது மாதிரித் தொடங்கி, எண்ண முடியாமல் பெருகியது. ஒவ்வொரு அடிக்கும் என் உடம்பு துள்ளியது. சாமியெல்லாம் கூப்பிட்டேன், ஒரு பெயரும் முழுதாக வரவில்லை. மேலே அவர் ஒவ்வொரு தடவையும் “ம்,” “ம்,” என்றார். கத்தவில்லை. கத்தினால் நான் வெளியே வந்துவிடுவேன் என்று தெரிந்துதான் கத்தவில்லை.

மேடையில் ஹஸீப் இன்னும் பாடிக்கொண்டிருந்தான். சனத்துக்கு என்ன ஆனது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஜெயம்மா அக்கா முன்வரிசையிலிருந்து நான் படியிறங்கிய விதத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மரத்துக்கு மேலே கறுப்பாகக் கிளம்பியதைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் குந்தி முந்தானையால் போர்த்தியிருக்கிறார். அவரைப் பார்த்துக் கொழுந்துப் பெண்கள் எல்லாரும் குந்த, அவர்கள் பக்கத்து டவுன் ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்துக் குந்த வைத்து, குடைகளைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழெட்டுப் பேருக்கு ஒன்று இரண்டு கொட்டு. ஒருவரும் கானில் விழவில்லை.

அப்போதுதான் மழை கொட்டியது. தூறல் இல்லை, எங்கள் பக்கத்து மழை. தரப்பாளில் அது விழுகிற சத்தத்தில் எது மழை, எது குளவி என்று பிரிக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் போனதோ. மழை ஓய்ந்தது. பாட்டும் நின்றிருந்தது.

டப், டப், டப். தப்பின் மேல் மறுபடியும் அடி விழுந்தது. நான் இன்னும் சுருண்டுகொண்டேன்.

“ராணி. நான்தான். வெரலால தட்டுறேன். போயிருச்சு, வெளிய வா.” குரல் வேறு யாருடையதோ மாதிரி, வாய்க்குள் துணி வைத்துப் பேசுவது மாதிரி இருந்தது.

“பொய் சொல்றீங்க,” என்றேன் உள்ளேயிருந்து.

“இல்ல, போயிருச்சு.”

“ஒரு வருசமா நான் சொன்னத நீங்க நம்புனீங்களா? நீங்க சொன்னா நான் மட்டும் நம்பணுமா?” என்று கத்தினேன். அழுகையும் சேர்ந்து வந்தது.

அவர் தப்பை மெதுவாக என் முகத்திலிருந்து எடுத்தார். என் மேல் ஒரு கொட்டும் இல்லை. அவரைப் பார்த்தேன். உதடு, காது, நெற்றி எல்லாம் வீங்கி, மனுச முகமாகவே இல்லை. இரண்டு கண்ணும் முழுதாக மூடிப்போயிருந்தன. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு குளவி போய்விட்டது என்று இவருக்கு எப்படித் தெரியும்?

“கண்ணு தெரியலயா?” என்றேன்.

“தெரியல,” என்றார். கை என் தோளைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டது. “சத்தம் நின்னுச்சு, அத வச்சுச் சொன்னேன். நீ பாத்துச் சொல்லு ராணி. நீ சொன்னாத்தான் எழும்புவேன்.”

நிமிர்ந்து வாகை மரத்தைப் பார்த்தேன். தண்ணீர் சொட்டுகிற கிளைக்கு அடியில் அத்தனையும் திரும்பி வந்து, கறுப்பாக, நெருக்கியடித்துக்கொண்டு ஒட்டியிருந்தன. அலை இல்லை.

“இருக்கு,” என்றேன் அவர் காதோடு. “ஆனா அடங்கிருச்சு. சத்தம் போடாம என் கையப் புடிச்சுக்கிட்டு வாங்க.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன இடத்தில் அடி வைத்து அடி வைத்து, ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக நின்ற வண்டிவரை வந்தார்.